மூன்றாம் நாள் மண்வெட்டி

"ம்தெகெமெயா சா ந்துகுயே ஹுஃபா மாஸ்கினி" என்றொரு ஸ்வாஹிலிப் பழமொழி உண்டு. உடன்பிறந்தார் பொருளை நம்பியிருப்பவர் ஏழையாகத்தான் சாவார் என்பது நேர்ப்பொருள். கென்யாவில் பள்ளிக்கூட வாசலை மிதித்த எவரும் இதைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது. ஸ்வாஹிலித் தேர்வில் 'இன்ஷா' என்று ஒரு கட்டுரைப் பகுதி வரும். ஒரு பழமொழியைக் கொடுத்து, அது மெய்யாகும்படி கதை எழுது என்பார்கள். இந்தப் பழமொழி வந்துவிட்டால் யாரும் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. உழைத்து முன்னேறிய அண்ணன், அவன் வீட்டில் உட்கார்ந்து தின்னும் தம்பி. ஒருநாள் அண்ணனுக்கு வேலை போகிறது அல்லது உயிர் போகிறது, தம்பி தெருவுக்கு வருகிறான். மதிப்பெண் கிடைத்துவிடும். தமிழில் பெயர்க்க உட்காருபவரின் பேனாவும் 'தன் கையே தனக்குதவி' என்று எழுதிவிடத்தான் பார்க்கும். எழுதினால் தவறிவிடும். நம் பழமொழியில் இருப்பது ஒரே ஆள், அவருடைய கை. ஸ்வாஹிலிப் பழமொழியில் இருவர் இருக்கிறார்கள், உறவுக்காரர்கள். ஒருவரிடம் பொருள் இருக்கிறது, மற்றவரிடம் இல்லை. அந்த ஏற்றத்தாழ்வு எப்படி வந்தது என்று பழமொழி சொல்வதில்லை. இன்ஷா எழுதும் பிள்ளை அந்த இடைவெளியைச் சோம்பல் என்ற ஒற்றைச் சொல்லால் அடைத்துவிடுகிறது.

சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். 'தெகெமெயா' என்றால் சாய்ந்திருப்பது, சார்ந்திருப்பது. அதில் 'ஜி' என்ற ஒட்டைச் செருகினால் வினை தன்னை நோக்கியே திரும்பும்: 'குஜிதெகெமெயா', தன்மேல் தானே சாய்வது. 20ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆப்பிரிக்க அரசியல் சுயசார்பு என்று பேச வந்தபோது கையில் எடுத்த சொல் இதுதான். (தன்மேல் தானே சாய்ந்துகொள்வதை யாரும் உடம்பால் செய்து காட்ட முடியாது என்பது வேறு விஷயம்.) அடுத்து 'சா'. 'உடைய' என்பதுபோல வரும் உருபு. ஆனால் உடைமை இன்னதென்று சொல்லும் பெயர் வாக்கியத்தில் இல்லை. நிலமா, மாடா, சம்பளமா என்பதைக் கேட்பவர்தான் இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். 'ந்துகு' ஆண்பாலுக்கு மட்டும் உரியதன்று. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பங்காளி, நெருங்கிய தோழர் வரை அது நீளும். ஆங்கிலத்தில் இதைச் சகோதரன் என்று பெயர்த்தவர்கள் சகோதரியைத் தொலைத்துவிட்டார்கள். அவள் இந்தக் கட்டுரையில் பின்னால் வருவாள். 'மாஸ்கினி' அரபு வழிச் சொல். தமிழ் முஸ்லிம்களின் பேச்சில் 'மிஸ்கீன்' என்று வழங்குவதும் அதுவே.

இந்தச் சொற்களை உரசிப் பார்க்க ஒரு நிலம் வேண்டும். கென்யாவின் மேற்கில், கிசுமு நகரிலிருந்து வடக்கே மேடேறிப் போனால் மரகோலி நாடு வரும். பூமத்தியரேகை பக்கத்தில்தான் ஓடுகிறது. ஒன்றன்மேல் ஒன்று குந்தியிருக்கும் பெரும் பாறைகளோடு குன்றுகள். இடைவெளியெல்லாம் மக்காச்சோளம், பீன்ஸ், வாழை, கொஞ்சம் தேயிலை, மாட்டுக்கு நேப்பியர் புல். லுயா மக்கள் கூட்டத்தில் ஒரு பிரிவினரான லோகோலிகள் இங்கே வாழ்கிறார்கள். முரோகோலி என்ற ஒரே தகப்பனின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் மரபுக் கதை. அந்தக் கணக்கில் எதிரே வரும் எவரும் ந்துகு. வீட்டுப் பேச்சு லுலோகோலி. சந்தைக்கும் பள்ளிக்கும் ஸ்வாஹிலி. மரகோலி அடங்கிய விஹிகா கவுண்டியில் 2019 கணக்கெடுப்பின்படி 5,90,013 பேர், சதுர கிலோமீட்டருக்கு 1,047 பேர். நாட்டின் சராசரி 82. நைரோபியையும் மொம்பாசாவையும் விட்டுவிட்டால் கென்யாவில் இவ்வளவு நெருக்கடியான கவுண்டி வேறில்லை. ஒரு குடும்பத்தின் நிலம் சராசரியாக ஓர் ஏக்கரைச் சுற்றியே நிற்கிறது. அதையும் தகப்பனுக்குப் பின் மகன்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 'உடன்பிறந்தவன் பொருளை நம்பாதே' என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் வேறு எதை நம்புவது என்று திருப்பிக் கேட்க நியாயம் உண்டு.

இங்கே இன்னொரு பழமொழியைப் பக்கத்தில் வைக்கிறேன். "ம்கேனி சிகு ம்பிலி, சிகு யா தாது ம்பே ஜெம்பே." விருந்தாளி இரண்டு நாள், மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு. பின்னாளில் டான்சானியாவை ஆண்ட ஜூலியஸ் நைரேரே 1962இல் உஜமா என்னும் ஆப்பிரிக்கச் சமதர்மம் பற்றி வெளியிட்ட சிறுநூலில் இதை எடுத்தாண்டார். பழைய ஆப்பிரிக்கச் சமூகத்தில் உழைக்காமல் உண்டவர் இல்லை, விருந்தாளிகூட மூன்றாம் நாள் வயலுக்கு வந்தாக வேண்டும் என்பது அவர் வாதம். அவர் பார்வை விருந்தாளியின் சோம்பல்மேல் விழுந்தது. வாக்கியத்தின் வினையை அவர் வேகமாகக் கடந்துவிட்டதாகத் தோன்றுகிறது. 'ம்பே' என்றால் கொடு. கட்டளை விருந்தாளிக்கு இடப்படவில்லை, வீட்டுக்காரருக்கு இடப்படுகிறது. 'மூன்றாம் நாள் உழை' என்று பழமொழி சொல்லவில்லை. 'மூன்றாம் நாள் கொடு' என்கிறது. முதல் இரண்டு நாள் சோறு கொடுத்தவர் மூன்றாம் நாளும் கொடுக்கிறார், கொடுக்கும் பொருள்தான் மாறியிருக்கிறது.

அந்தப் பொருளையும் பார்த்துவிடுவோம். ஜெம்பே நம் மண்வெட்டிக்குப் பங்காளி. அகலமான இரும்புத் தகடு, மேல்விளிம்பில் வட்டமாக ஒரு கண், அதில் செருகிய மரக்காம்பு. காம்பின் நுனி சற்றுப் பருத்திருக்கும். ஓங்கி வெட்ட வெட்டத் தலை அந்தப் பருத்த இடத்தில் மேலும் இறுகும். ஐரோப்பிய இரும்பு வந்து இறங்குவதற்கு முன் மேற்கு கென்யாவில் சாமியா நாட்டுக் கொல்லர்கள் உருக்கி அடித்த மண்வெட்டிகள் தொலைதூரம் விலைபோயின. பெண்ணுக்குக் கொடுக்கும் பரிசத்திலும் மண்வெட்டிக்கு இடமிருந்தது. பிறகு இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரில் சில்லிங்டன் கம்பெனி செய்த முதலை முத்திரை மண்வெட்டி ஆப்பிரிக்கச் சந்தைகளுக்குக் கப்பலேறியது. எந்தக் காலத்திலும் விவசாயி தன் மண்வெட்டியைத் தானே செய்துகொண்டதில்லை. கொல்லர், வியாபாரி, சம்பந்தி, விருந்து கொடுத்தவர் என யாரிடமிருந்தாவது அது வந்து சேர வேண்டும். கொடுத்தவர் வெட்ட மண்ணையும் காட்டியாக வேண்டும். மண்ணில்லாமல் மண்வெட்டி வெறும் சுமை. முதல் பழமொழியின் இடைவெளியை இரண்டாவது பழமொழி இப்படி நிரப்புவதாக நான் படிக்கிறேன்: தன்மேல் தானே சாய்ந்து நிற்கும் நிலை ஒருவருக்குப் பிறரால் அமைத்துத் தரப்படுவது. அமைத்துத் தந்தவருக்கே 'இனி என்னை நம்பியிராதே' என்று சொல்லும் உரிமை வருகிறது.

இது என் கற்பனை வாசிப்பா என்று பார்க்க லோகோலிகளின் பழைய குடும்ப ஏற்பாடு உதவும். குந்தர் வாக்னர் என்ற ஜெர்மானிய மானிடவியலாளர் 1930களில் லோகோலிகளிடையிலும் லுயாவின் இன்னொரு பிரிவினரான வுகுசுகளிடையிலும் தங்கி ஆய்வு செய்து இரண்டு பெரும் தொகுதிகள் எழுதினார். அங்கே ஓர் இளைஞன் தனிக்குடித்தனக்காரனாக ஆவதற்கு என்னென்ன நடக்க வேண்டியிருந்தது? தகப்பன் தன் நிலத்தில் ஒரு பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டும். பெண் கேட்க மாடுகள் வேண்டும். அந்த மாடுகள் பெரும்பாலும் அவன் அக்காவுக்கோ தங்கைக்கோ வந்த பரிசத்திலிருந்து கிடைக்கும். அவள் கட்டிக்கொடுக்கப்பட்டு மாடுகள் தொழுவத்துக்கு வந்த பிறகே அவனுக்குப் பெண் பார்க்க முடியும். சொந்த வீடு, சொந்த வயல், சொந்த மனைவி என்று நிற்கிற அந்த ஆண்மகனின் தொழுவத்தில் மேய்ந்து நிறைந்தது 'சா ந்துகுயே', உடன்பிறந்தவளின் பொருள். அவன் தன் மகனிடம் பிற்காலத்தில் உடன்பிறந்தார் பொருளை நம்பாதே என்று சொன்னபோது அவளை நினைத்தானோ என்னவோ, பழமொழி நினைக்கவில்லை. அவளுக்கு மட்டும் பிறந்த வீட்டு நிலத்தில் பங்கில்லை. பெண்களின் சொத்துரிமையைக் கென்ய அரசமைப்புச் சட்டம் வெளிப்படையாக உறுதிசெய்தது 2010இல்தான். அதன் பிறகும் மகளுக்கு வரப்புப் போட்டுக் கொடுத்த தகப்பன்மார் குறைவு.

காலனி ஆட்சி வந்தபோது சுயசார்பு உபதேசம் புதிய வாய்களிலிருந்து வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடிசைக்கு வரி போட்டார்கள். வரியைக் காசாகக் கட்ட வேண்டும். மக்காச்சோளமும் வாழையும் காசாக மாறும் வழி குறைவு. ஆகவே ஆண்கள் ரயில்பாதைக்கும் வெள்ளையர் தோட்டங்களுக்கும் கெரிச்சோ தேயிலைக்கும் கூலிக்குப் போனார்கள். சோம்பேறி ஆப்பிரிக்கருக்கு உழைப்பின் பெருமையைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று அதற்கு விளக்கமும் தரப்பட்டது. 1902இல் குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று அமெரிக்கர்கள் பக்கத்துத் திரிகி நாட்டின் கைமோசியில் வந்து இறங்கி நிறுவிய சபையின் பெயரிலேயே 'இண்டஸ்ட்ரியல் மிஷன்' என்று இருந்தது. வேதத்தோடு தொழிலும் கற்பிப்பது, மரம் அறுத்து, பயிர் செய்து சபை தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வது என்பது அவர்கள் திட்டம். அவர்களை ஆட்சியோடு ஒரே தட்டில் வைத்து எடைபோட மாட்டேன். அவர்கள் உண்மையாகவே மண்வெட்டி கொடுத்தார்கள்: எழுத்து, தச்சு, தையல், லுலோகோலியில் அச்சான வேதம். உலகில் குவேக்கர்கள் மிகுதியாக வாழும் நாடு இன்று கென்யாதான் என்பதும், மரகோலியில் எழுத்தறிவு முன்கூட்டியே வேர்பிடித்ததும் அதன் விளைவுகள். ஆட்சி செய்ததோ நேர்மாறு. ஆப்பிரிக்கர் ஒதுக்கு நிலங்கள் என்றென்றைக்கும் அவர்களுக்கே, எடுத்தால் ஈடாக நிலமே தரப்படும் என்று 1930இல் சட்டம் எழுதினார்கள். மறு ஆண்டு மரகோலிக்கு வடக்கே ககமெகாவில் தங்கம் தென்பட்டது. 1932இல் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்கு நிலம் தர வேண்டியதில்லை, காசு போதும் என்றார்கள். என்றென்றைக்கும் என்ற சொல்லின் ஆயுள் இரண்டு ஆண்டு. மண்ணை எடுத்துக்கொண்டவர் மண்வெட்டியின் மகிமையைப் பேசும்போது அதைக் கேட்கிறவர்களின் காதில் என்ன விழுந்திருக்கும்?

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. நிலம் சுருங்கியது உண்மை, அநீதி நடந்ததும் உண்மை. ஆனாலும் மரகோலிகள் வீழ்ந்துவிடவில்லையே, படித்து ஆசிரியர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் அரசியல்வாதிகளாகவும் கென்யா முழுக்கப் பரவினார்களே, அது தனிமனித முயற்சியின் வெற்றிதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அந்த முயற்சியைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்தக் குமாஸ்தா நைரோபியில் வாடகை அறையில் இருந்த காலத்தில் ஊரில் அவன் பங்கு நிலத்தை யார் வெட்டினார்கள்? அவன் மனைவி. மண்வெட்டி அவள் கையில் இருந்தது. அவள் விளைவித்த மக்காச்சோளம் அவன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது. நகரத்துச் சம்பளம் ஒரு குடும்பத்துக்குப் போதாத அளவில் வைக்கப்பட்டிருந்ததைச் சகித்துக்கொள்ள முடிந்ததும் அதனால்தான். அவன் பள்ளிக் கட்டணத்துக்கு மாடு விற்ற மாமன், பரிசம் கொண்டுவந்த தங்கை, ஊரில் பிடிப்பு விட்டுப்போகாமல் வரப்பைக் காத்த பெரியவர்கள் என்று எண்ணிக்கொண்டே போகலாம். தனிமனித வெற்றி என்று சொல்லப்படுவதைச் சற்றுக் கிளறினால் அதன் அடியில் ஒரு கூட்டமே குனிந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

விடுதலைக்குப் பிறகு அரசே பழமொழி பேசத் தொடங்கியது. 1963இல் நாட்டுத் தலைவர் ஜோமோ கென்யாட்டா 'ஹராம்பே' என்றார், சேர்ந்து இழுப்போம் என்று. (ரயில்பாதை போட வந்த இந்தியக் கூலிகளின் அம்மன் முழக்கத்திலிருந்து வந்த சொல் அது என்றொரு கதை கென்யாவில் சுற்றுகிறது. கதை சுவையானது, ஆதாரம் மெலிந்தது.) ஊர்கூடிக் காசு போட்டுப் பள்ளி கட்டினார்கள், 1970களில் அரசு உதவி பெறாத ஹராம்பே உயர்நிலைப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளைவிட எண்ணிக்கையில் மிகுந்திருந்தன. மேற்கு கென்யாவில் பள்ளிப் பசி எப்போதும் அதிகம். இதைச் சாதனை என்று சொல்லாமல் இருக்க முடியாது. ஆனால் சுவரும் கூரையும் ஊர் எழுப்பிவிடும், பயிற்சி பெற்ற ஆசிரியரை ஊர் எங்கிருந்து கொண்டுவரும்? ஏற்கெனவே வசதி இருந்த ஊர் பெரிதாகக் கட்டியது, இல்லாத ஊர் சிறிதாகக் கட்டியது. வரி வாங்குகிற அரசு இரண்டுக்கும் கைதட்டியது. போகப்போக ஹராம்பே மேடைகள் அரசியல்வாதிகள் கட்டுக்கட்டாகப் பணம் கொடுத்து வாக்குச் சேர்க்கும் இடமாயின. அரசு ஊழியர் பதவியைக் காட்டி வசூல் செய்யக்கூடாது என்று 2003இல் சட்டம் போட வேண்டிவந்தது. எல்லைக்கு அப்பால் டான்சானியாவில் 1967 அருஷா அறிக்கை குஜிதெகெமெயாவை நாட்டுக் கொள்கையாகவே அறிவித்தது. அங்கே குடிமக்கள் ஒருவரையொருவர் அழைக்க அரசியல் கொடுத்த சொல் 'ந்துகு'. உடன்பிறப்பே என்ற விளியைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகர்களுக்கு அதன் சுவை விளங்கும். உடன்பிறந்தார் பொருளை நம்பாதே என்று பழமொழி சொல்ல, நாட்டிலுள்ள அத்தனை பேரும் உடன்பிறந்தார் என்று கட்சி சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம்ப யாருமே மிஞ்சவில்லை.

பழமொழிகளை இவ்வளவு பாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் சிரிக்கலாம். அதே ஸ்வாஹிலியில் 'ஒற்றை விரல் பேன் குத்தாது' என்றும் ஒரு பழமொழி உண்டு. கூட்டுறவுக்கு ஒன்று, தனித்து நிற்க ஒன்று, கேட்டது கிடைக்கும். பழமொழி வாதமாகாது என்பது அவர் கட்சி. பாதி ஒப்புக்கொள்கிறேன். பழமொழிக்குத் தனியாகப் பொருள் கிடையாது, அதைச் சொல்லும் வாயும் கேட்கும் காதும் சேர்ந்துதான் பொருளைத் தருகின்றன. ஆனால் பேன் பழமொழியும் சாய்ந்திருப்பவர் பழமொழியும் முரண்படுவதாக நான் நினைக்கவில்லை. பேனைக் குத்த இரண்டு கட்டைவிரல் நகங்கள் வேண்டும். இரண்டு நகமும் கெட்டியாக இருக்க வேண்டும். ஒன்று மெலிந்தால் பேன் நழுவும். உன் பங்குக்கு நீ கெட்டியாக இரு என்று உறவுக்குள் இருப்பவரிடம் சொல்வது வேறு, உறவையே முறித்துக்கொண்டு அதைச் சொல்வது வேறு.

முறித்துக்கொண்டு சொல்கிறவர்கள் இப்போது கொடியவர்களாகவும் இல்லை என்பதுதான் சிக்கல். 2007இல் கென்யாவில் கைபேசி வழியே பணம் அனுப்பும் எம்-பெசா வந்தது. ஊருக்குப் பணம் அனுப்பு என்பதே அதன் தொடக்க விளம்பர வாசகம். அதுவரை ஊருக்குப் பணம் போக பஸ் ஓட்டுநரையோ ஊர்போகும் ஆளையோ தேட வேண்டும். 'ஆள் கிடைக்கவில்லை' என்ற சாக்கு இருந்தது. இப்போது நைரோபியில் சம்பளம் ஏறிய மாலையே போன் அடிக்கும். சித்தப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, தங்கையின் பீஸ், யாரோ ஒருவர் சாவுக்குச் சவப்பெட்டி. இளைஞர்கள் இதற்கு 'பிளாக் டாக்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'ம்தெகெமெயா சா ந்துகுயே' என்று இன்று எரிச்சலோடு சொல்லும் வாய் பல நேரங்களில் அவர்களுடையது. அவர்கள் கோபத்தை நான் புறந்தள்ள மாட்டேன். ஒரே ஆளின் சம்பளத்தில் ஒன்பது பேர் சாய்ந்தால் அந்த ஆள் விழுவார். ஆனால் அந்த அழைப்புகளின் பட்டியலைப் பார்த்தால் அதில் சோம்பலுக்கான செலவு எவ்வளவு? ஆஸ்பத்திரி, பள்ளி, சாவு. வேறு பல நாடுகளில் அரசோ காப்பீடோ சுமக்கும் சுமைகளை இங்கே ந்துகு சுமக்கிறார். ஊரில் இருக்கும் தம்பியின் பங்கோ பிரிந்து பிரிந்து சுருங்கிவிட்டது. பெண்கள் இதற்குள் 'சாமா' என்னும் குழுக்களில் மாதாமாதம் காசு போட்டு, முறைவைத்து ஒருவருக்கொருவர் மொத்தமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். மெரி-கோ-ரவுண்ட் என்று அங்கே அதற்குப் பெயர், நம் ஊர்ச் சீட்டுதான். யாரும் யாரிடமும் கையேந்தவில்லை, எல்லாரும் எல்லாரையும் நம்பியிருக்கிறார்கள். இன்ஷா கதைகளில் இந்தப் பெண்களுக்கு இடம் தேடினால் அண்ணனாகவும் வைக்க முடியாது, தம்பியாகவும் வைக்க முடியாது.

நிலம் போதாமல் மரகோலியை விட்டுப் போனவர்களில் ஒரு பகுதியினர் எல்லை தாண்டி உகாண்டாவின் புன்யோரோ பக்கம் குடியேறினார்கள். இன்றைய கிரியாண்டோங்கோ மாவட்டத்தில், கிகும்பா பகுதியில் அவர்கள் வாழ்கிறார்கள். காடு திருத்தினார்கள், மக்காச்சோளம் போட்டார்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே பிறந்தார்கள். 1995இல் எழுதப்பட்ட உகாண்டா அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், 1926 பிப்ரவரி 1 அன்று அந்த நாட்டு எல்லைக்குள் இருந்த பூர்வகுடிச் சமூகங்களின் பட்டியல் இருக்கிறது. மரகோலி என்ற பெயர் அதில் இல்லை. 2005இல் பட்டியலைத் திருத்தியபோதும் சேர்க்கவில்லை. தேசிய அடையாள அட்டை கேட்டுப் போனவர்களைப் பட்டியலைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். மனுமேல் மனுவாக அவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி அவர்கள் கைக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. விருந்தாளி என்ற பெயர் மட்டும் போகவில்லை. மூன்றாம் நாள் மண்வெட்டியைக் கொடு என்று சொன்ன பழமொழி, நான்காம் நாள் அவரை என்ன பெயர் சொல்லி அழைப்பது என்று சொல்லாமல் விட்டுவிட்டது.